வீடு முடிந்தும் இறங்காத கரடி

வீடு கட்டி முடிந்ததும் திருஷ்டி பொம்மையை இறக்கிவிட வேண்டும். அல்பேனியாவின் துர்ரெஸ் நகரத்தில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கொசேதாவுக்கு மட்டும் தெரியவில்லை போலும். குடிவந்து ஒன்றரை வருடமாகியும் அவளுடைய நான்காவது மாடி பால்கனிக் கம்பியில் அந்தப் பழுப்புக் கரடி பொம்மை தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு காதில் பஞ்சு வெளியே வந்துவிட்டது.

"இன்னுமா அக்கா இது?" என்று ஓரகத்தி லிரி கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும்டி. யார் கண்ணு எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்பாள் கொசேதா.

பீற்றல், என்று லிரி நினைத்துக்கொள்வாள். ஊரே தன் வீட்டைப் பார்த்து வயிறெரிகிறது என்று நினைப்பு! ஊருக்கு எரிந்ததோ இல்லையோ, லிரிக்கு எரிந்தது. அதை அவள் தனக்குள் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

எரியாமல் என்ன செய்யும்? அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்து வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கட்டடத்தில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம் இருந்தது. மூத்தவன் என்பதால் அது அஸ்திரித்துக்கும் அவன் மனைவி கொசேதாவுக்கும் போனது. லிரியின் கணவன் ஸ்கெந்தர் இரண்டாவது கட்டடத்துக்குத் தலையாட்டினான். ஆறு மாதம்தானே வித்தியாசம் என்றான். பிறகு பழைய வீட்டை விற்றுவிட்டு, "ரெண்டே மாசம் அண்ணா" என்று அண்ணன் வீட்டுச் சின்ன அறையில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு மாதம் இப்போது பதினான்காகி நிற்கிறது.

பதினான்கு மாதமாக லிரி இன்னொருத்தியின் புது வீட்டில் பல் தேய்த்தாள். குளியலறையில் அதே கடல்பச்சை டைல்ஸ். தன் வீட்டுக்கென்று லிரி மாதிரிப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டியது. "உனக்குப் பிடிச்சதையேதான் போட்டிருக்கேன் பாரு" என்று கொசேதா அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது.

டைல்ஸாவது பரவாயில்லை. கடல்தான் தாங்க முடியவில்லை. எதிரே இரண்டாவது கட்டடம் தூணும் தளமுமாக நின்றது. சுவர் கிடையாது. லிரியின் கூடமாக வேண்டிய ஓட்டை வழியாகத்தான் கொசேதாவுக்குக் கடல் தெரிந்தது. தினமும் காலையில் காபிக் கோப்பையோடு பால்கனியில் உட்கார்ந்து, "அடடா, தண்ணி எப்படி மினுங்குது!" என்பாள்.

'என் கூடத்துக்குள்ளே பார்த்துக்கொண்டு உனக்கு என்ன அடடா' என்று லிரி பல்லைக் கடிப்பாள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைக்குப் போய் பொறியாளர் பெஸ்னிக்கைப் பிடித்தாள்.

"செப்டம்பர்னீங்க. அப்புறம் புது வருஷம்னீங்க. பைராம்னீங்க, ஈஸ்டர்னீங்க. இந்த நாட்டுல இருக்கிற பண்டிகையெல்லாம் தீந்து போச்சு. இனிமே எதைச் சொல்லப் போறீங்க?"

"ஜன்னல் சட்டம் துறைமுகத்துல மாட்டிக்கிச்சும்மா. லிஃப்ட்டும் வரணும். நான் என்ன பண்ண?" அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதோட பசங்க ஒண்ணு சொல்றானுங்க. இந்தக் கட்டடத்துல பொம்மையே இல்லையாம். அங்க முடிஞ்சதும் அந்தக் கரடியை எடுத்து இங்க கட்டுறதா இருந்தது. உங்க ஓரகத்திதான் தரமாட்டேன்னுட்டாங்க."

லிரிக்கு இது போதாதா? படியெல்லாம் ஒரே மூச்சில் ஏறினாள். கொசேதா சமையலறையில் பிரெக் என்ற அடுக்கு ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கரடியைக் குடு. உன் வீடுதான் முடிஞ்சுதே."

"அது மட்டும் முடியாது லிரி." கொசேதா தலையை நிமிர்த்தவில்லை. "வேற என்ன வேணும்னாலும் கேளு."

கொசேதா கடைக்குக் கிளம்பும் வரை காத்திருந்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு லிரி பால்கனிக்குப் போனாள். கம்பி அருகே போனதும் கை நின்றுவிட்டது. இத்தனை நாளும் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். இன்று முகம் தெரிந்தது. கரடி வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பொத்தான் கண் இரண்டும் சின்ன அறை ஜன்னலையும், அதற்குள்ளே தெரிந்த அவளுடைய மடக்குக் கட்டிலையும் பார்த்தன.

போன சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. புது ஓவன் வந்திருந்தது. "எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் லிரி. கண் பட்டுவிடாமல் இருக்க 'மாஷல்லா' என்று கூடவே சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. திங்கட்கிழமை ஓவன் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டது.

அவமானத்தில் முகம் சுட்டது. கோபமும் வந்தது. பழி பொய்யாக இருந்திருந்தால் தாராளமாகச் சண்டை போட்டிருக்கலாம். அது பொய்யில்லையே. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்து, கரடியைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினாள். சாயங்காலம் அது மறுபடி உள்ளே பார்த்தது.

"கரடி திரும்பியிருக்கே அக்கா?"

"காத்து, லிரி" என்றாள் கொசேதா, கண்ணைச் சிமிட்டாமல்.

அன்று முழுக்கக் காற்றே இல்லை.

ஜூனில் ஒருவழியாக ஜன்னல் சட்டங்கள் வந்தன. சுவர் எழும்பத் தொடங்கியது. லிரி பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாக எண்ணினாள். ஒவ்வொரு வரிசைக்கும் கொசேதாவின் கடல் ஒரு சாண் குறைந்தது. பாதிக் கடல், கால் கடல், கடைசியில் ஒரு நீலக் கோடு. ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் போயிற்று. மறுநாளிலிருந்து கொசேதா காபியைச் சமையலறையில் குடித்தாள். இவ்வளவு சந்தோஷப்படுவது நல்லதில்லை என்று லிரிக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷப்பட்டாள்.

அக்டோபரில் சாவி கைக்கு வந்தது. குடிபோன மறுநாள் காலை புது வீட்டுப் பின்ஜன்னலில் நின்றபோது எதிரே கொசேதா தெரிந்தாள். கரடியை அவிழ்த்துக் கீழே கொண்டுபோய்க் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை காலம் இறங்காத கரடி, இவள் வெளியேறிய ஒரே நாளில் இறங்கிவிட்டது.

லிரி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொசேதா லோகும் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தாள். காலணியைக் கழற்றினாள். இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவு முழுக்கக் கடல். குறுக்கே தூண் இல்லை, தளம் இல்லை.

"எவ்வளவு அழகு!" என்றாள் மெதுவாக.

லிரி காபித் தட்டைப் பிடித்தபடி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். கொசேதாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. அந்தப் பார்வையை லிரி இருபது மாதம் அந்த வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். சட்டென்று அவள்மேல் இரக்கம் வந்தது, வந்த வேகத்தில் போயும் போனது.

கொசேதா சோபாவில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பால்கனிக் கம்பியைக் கவனித்தாள். துவைத்து, காதைத் தைத்து, இரண்டு கையையும் இறுக்கிக் கட்டியிருந்த கரடி.

"வீடுதான் முடிஞ்சிருச்சே, இதெதுக்குடி உனக்கு?" என்றவள், இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "உள்ளேல்ல பாக்குது!"

லிரி காபியை அவள் முன்னால் வைத்தாள். லோகும் பெட்டியைத் திறந்து பக்கத்தில் தள்ளினாள்.

"காத்து, அக்கா" என்றாள். "கடல் காத்து."