இடிக்கல் பிடித்த கை

மூன்றரை மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ். இப்போதே இரண்டே முக்கால். ஜாஸ்மினின் பெட்டி வாசலில் தயார். நெற்றிதான் தயாராகவில்லை.

அந்த வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் அருள்சாமி கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார். இன்று மகள் சென்னை வழியாகப் புனேவுக்குப் போகிறாள். ஆதிமனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சிப் படிப்பு. அந்தப் படிப்பு பிடிக்காத அவர் தலையே நிமிரவில்லை. நாளைக் கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"நைனா, நேரமாவுது."

"போ. யாரு புடிச்சிகினு இருக்கா?"

"சிலுவை போடாம எப்டிப் போறது?"

"கொரங்குக்குப் பொறந்தவளுக்கு சிலுவை எதுக்கு?"

"இப்ப யாரத் திட்டின, என்னயா, உன்னயா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. மாதா சுரூபத்தின் காலடியிலிருந்து இடிக்கல்லை எடுத்துத் தாள்மேல் வைத்தார். அவர் அப்பா கிணறு வெட்டும்போது கிடைத்த கல். இடியோடு வானத்திலிருந்து விழுந்தது, வீட்டில் இருந்தால் மின்னல் அண்டாது என்று நம்பி வைத்தது. அதன்மேல் ஐம்பது வருட மெழுகுவத்திக் கசிவு.

வைத்த வேகத்தில் மெழுகு விண்டு விழுந்தது.

ஜாஸ்மின் குனிந்தாள். பஸ்ஸை மறந்தாள்.

"நைனா, இது வானத்துல இருந்து வரல."

"பின்ன?"

"நீதான கொத்தனாரு. நீயே பாத்து சொல்லு."

எரிச்சலோடு மீதி மெழுகைச் சுரண்டினார். முப்பது வருடம் கருங்கல்லோடு பழகிய விரல்கள் ஓரத்தைத் தடவின. ஒரு கொத்துத் தடம். அதை ஒட்டி இன்னொன்று. திருப்பினார். அந்தப் பக்கமும்.

"இது ஒடஞ்ச கல்லு இல்ல." குரல் இறங்கிவிட்டது. "ஒடச்ச கல்லு. யோசிச்சி யோசிச்சி கொத்திருக்கான். எத்தினி வருஷம் இருக்கும்?"

"லட்சத்துக்கு மேலயே இருக்கலாம்."

வலது கையில் பிடித்தார். உள்ளங்கையைக் குத்தியது. இடது கைக்கு மாற்றினார்.

கட்டைவிரலுக்கு ஒரு குழி. ஆள்காட்டி விரலுக்கு ஒரு வளைவு. அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

சிறுவயதில் இடது கையால் சிலுவை போட்டுக் கோயிலில் அடி வாங்கியவர் அருள்சாமி. அன்றிலிருந்து சுத்தியலுக்கு இடது, சாமிக்கு வலது.

"இதச் செஞ்சவன் நொட்டாங்கைக்காரன்," என்றார். "அப்பவே இந்தக் கைய செஞ்சிகினு இருந்திருக்காரு ஆண்டவரு. எத்தினி லட்சம் வருஷம். கொஞ்சமும் அவசரப்படல."

பேனாவை இடது கையில் எடுத்தார்.

"இவரு பேரு இன்னாம்மா?"

"அவங்களுக்குப் பேரு இருந்துச்சான்னே தெரியாது நைனா. பேச்சு இருந்துச்சான்னே தெரியாது."

"ஆண்டவருக்குத் தெரியும்."

பட்டியலின் கடைசியில் கோணல் எழுத்தில் எழுதினார்: 'இடிக்கல் செய்தவர்.'

"கிட்ட வா."

இடது கட்டைவிரல் மகளின் நெற்றியில் சிலுவை போட்டது. முதல் முறை.

"கல்ல எடுத்துனு போவட்டா நைனா?"

"நாளைக்குப் பூசை முடியட்டும், அனுப்பி வெக்கிறேன்," என்றார். "அதுவரைக்கும் அவரு நம்ம வீட்ல இருக்கட்டும்."