கோல் அடித்தால் எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள்

“உங்கம்மாகிட்ட என்னைப் பத்திச் சொல்லு பூபதி. இன்னைக்கே.”

கேட்கக்கூடாது என்று அவன் எனக்குச் சொல்லி வைத்திருந்தது இது ஒன்றைத்தான். ‘எது வேணும்னாலும் கேளு மேரி, இத மட்டும் கேக்காத.’ மூன்று வருஷம் கேட்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே ஏறிய ரயிலில், ஸ்டேடியத்துக்குப் போகிற வழியில் கேட்டுவிட்டேன்.

“களி பாக்கப் போற நேரத்துல இதென்ன பேச்சு?” மலையாளம் கலந்த அவன் ஊர்த் தமிழில் களி என்றால் ஆட்டம். இன்றைக்குக் கால்பந்து.

“நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிட்டு, அப்பாவுக்கு ஆப்ரேஷன் முடிஞ்சிட்டு. இனி என்ன முடியணும்?”

“இந்தக் களி முடியட்டும்” என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. “முடிஞ்ச ஒடனே ஊட்டுக்குக் கூப்புட்டுச் சொல்லிப்போடறேன். சத்தியமா.”

அவன் ஊர் வடகரப்பதி. தென்னந்தோப்பு, இரண்டு போர்வெல், கோயிலில் முதல் மரியாதை. நான் சூரியநெல்லி. தேயிலை எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அம்மா கத்தரீனாள் கொழுந்து எடுக்கிறாள். அந்த லயத்திலேயே முதல் டிகிரி என்னுடையது. அந்த நர்சிங் டிகிரிதான் என்னை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தது. இங்கே ஒரு பஸ் ஸ்டாப்பில் யாரோ போனில் ‘ஏனுங்க’ என்றது காதில் விழ, திரும்பிப் பார்த்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்கு முதல் வருஷமே சொல்லிவிட்டேன். அப்பா அமிர்தநாதன் கொஞ்ச நாள் போனுக்கே வரவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே வந்து, “அந்தத் தம்பிக்கு அங்க சோறு கெடைக்கா?” என்று கேட்டார். பூபதி வீட்டில் அப்படி இருக்காது. வேதக்காரப் பெண், லயத்துப் பெண் என்று என்னவெல்லாம் வரும் என்பது எனக்குத் தெரியும். வரட்டும். வந்தால்தானே பதில் சொல்ல முடியும்?

நின்றுகொண்டே பார்க்கிற பகுதியில் டிக்கெட். நாற்காலியே கிடையாது, தோளோடு தோள். எங்கள் எஸ்டேட் மைதானத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் நடந்தால் பெண்கள் மேட்டில் தேயிலைக்குள் நின்றுதான் பார்ப்போம். சத்தம் போட்டால், “என்னட்டி கூப்பாடு?” என்று கீழேயிருந்து அதட்டல் வரும். இங்கே என் முன்னால் நின்ற, என் அம்மா வயதுப் பெண்மணி நடுவரை வைத வேகத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் ஒரு தாடிக்காரர், மலை மாதிரி ஆள். பாட்டு ஆரம்பித்ததும் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. மைக்கில் ஆட்டக்காரனின் முதல் பெயரைச் சொன்னால் மீதிப் பெயரைக் கூட்டம் சொல்ல வேண்டும், அது இங்கத்து வழக்கம். பதினோரு பேருக்கும் சொன்னார்கள். பூபதியும் சொன்னான். ஊரிலிருந்து போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் குசுகுசுக்கிறவன். அவன் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பைத்தியங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல இந்த ஊரில் யாரும் நாள் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில், இன்னும் கோலே விழாதபோது, அவன் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“ஏஞ்சாமி, அதென்ன அத்தன கூட்டம்?”

“களிங்கம்மா. பாருங்க.”

மைதானத்தைக் காட்டினான். கொடிகளைக் காட்டினான். தாடிக்காரரைக் காட்டினான், அவர் கையசைத்தார். போன் என் பக்கம் திரும்பியபோது அவன் மணிக்கட்டு மேலே ஏறிக் கூரையைக் காட்டிவிட்டு, என் தலைக்கு அந்தப் பக்கம் இறங்கியது. பழகிய கை.

“உன்ற மொகத்தக் காட்டு சாமி” என்றாள். கேமராவைத் தன் பக்கம் மாற்றினான். அந்த நேரம் பார்த்துக் கோல். அதை அவன் பார்க்கவே இல்லை. கூட்டம் குதித்ததைப் பார்த்துத்தான் குதித்தான். யாரோ வீசிய பீர் எங்கள் தலையில் கொட்டியது. ஒரு கையால் என்னைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, நெற்றியில் முத்தம் வைத்தான். வெளியிடத்தில் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தூக்கிய இன்னொரு கையில் போன், மேலேயிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆரு சாமி அந்தப் புள்ள?”

இறக்கிவிட்டான். அவன் முகத்தையே பார்த்தேன். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன்.

“தெரியலீங்கம்மா. இங்கெல்லாம் கோல் அடிச்சா எல்லாருமே கட்டிப்புடிப்பாங்க.”

“நம்மூருப் புள்ளையாட்டவே இருக்குது?”

“சிலோன்காரப் புள்ளையா இருக்கும்ங்க.”

திக்கக்கூட இல்லை. அவன் அம்மா சிரித்தாள். “பாத்து இரு சாமி, கொண்டு போயிருவாளுங்க.”

வணக்கம், நான் அன்னமேரி என்று குனிந்து போனில் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. என் பெயரைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அவன் வாயில் அது வருமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

போனை வைத்துவிட்டு என் காதருகே வந்தான். “கோவிச்சுக்காத. களி முடிஞ்சதும் சொல்றேன்னு சொன்னேன்ல?”

“வேண்டாம்.”

“அட, சொல்றேன்ங்கறேன்...”

“சொல்ல வேண்டாம்னு சொல்லுதேன் பூபதி. இன்னைக்கும் வேண்டாம், என்னைக்கும் வேண்டாம்.”

“வெளையாடாத மேரி. இன்னும் பத்து நிமிஷந்தான், இரு.”

கார்னர் கிடைத்தது. கூட்டம் எகிறியது. அவன் கண் மைதானத்துக்குப் போனது. கை மட்டும் என் தோளைத் தேடியது. அதற்குள் ஒரு படி இறங்கிவிட்டேன்.

எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தார் போல, தாடிக்காரர் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். நன்றி சொன்னேன். கொட்டிக் கிடந்த பீரில் வழுக்காமல், பிளாஸ்டிக் கப்புகளை மிதித்துக்கொண்டு கீழே இறங்கினேன். பின்னால் யார் பெயரையோ மறுபடியும் கத்தினார்கள். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியது. ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, கம்பிக் கேட்டைத் தள்ளி ரோட்டுக்கு வந்தேன்.