பட்டியலில் இல்லாத வாசல்

என் கணவன் டெட்லெஃப் அலமாரிக்குள் ஒரு குட்டிக் கணினி வைத்திருக்கிறான். சோப்புப் பெட்டி அளவுதான். அதைத் துடைக்கும் அக்கறையில் பாதியை ஜன்னலுக்குக் காட்டியிருந்தால் ஜெர்மனியின் இந்த லைப்சிக் நகரத்திலேயே எங்கள் வீடுதான் பளிச்சென்று இருந்திருக்கும். தாங்கள் யாரென்று காட்டாமல் இணையத்தில் உலவுகிறவர்களின் போக்குவரத்தை எங்கள் வீட்டு இணைப்பில் வாங்கி, அடுத்த கைக்கு மாற்றிவிடுவது அதன் வேலை. யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. நான் டிராம் ஓட்டுகிறவள், ஏறுகிறவர்களை விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. இதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் பர்வானே எங்கள் இணைப்பைத்தான் பயன்படுத்துகிறாள். அவள் கணவன் கெய்வான் ஈரானில், ஷிராஸில் இருக்கிறான். இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு இங்கே வர அவனுக்கு விசா நேர்காணல் கிடைத்திருந்தது. அழைப்புக் கடிதத்தை இணையத்தில் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் தூதரக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியோடு இறங்கி வந்தாள். திரையில் 'அனுமதி இல்லை' என்று இருந்தது.

"ஹைக்கே ஜான், எத்தனை தடவை போனாலும் இதேதான் வருது. எங்க பேர்ல ஏதாவது தப்பு இருக்குமோ?"

என் பெயரோடு அவள் சேர்க்கும் 'ஜான்', அவள் மொழியில் 'கண்ணே' மாதிரி. டெட்லெஃப் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதில் மூழ்கியிருந்தான். எனக்குச் சந்தேகம் வந்தது.

"இது உன் பெட்டி பண்ற வேலையா?"

"அது வந்து... இப்படிக் கைமாத்துற வீடுகளோட இணைய முகவரியெல்லாம் ஒரு பொதுப் பட்டியல்ல இருக்கும். அதைப் பார்த்துட்டுச் சில பக்கங்க கதவைச் சாத்திடும்."

"இதைச் சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

செல்போன் இணைப்பில் முயன்றிருக்கலாம்தான். கோபத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? அலமாரியைத் திறந்து எல்லாச் செருகியையும் பிடுங்கிப் போட்டேன்.

"ஐயையோ! மாசக்கணக்கா ஒரு நொடி நிக்காம ஓடுச்சே! அந்தப் பட்டியல்ல 'நிலையானது'ன்னு பேரெல்லாம் வாங்கியிருந்தது ஹைக்கே!"

"நீயும் நிலையா அங்கேயே நில்லு."

மோடத்தை மட்டும் மறுபடி செருகினேன். எங்கள் இணைப்பில் மோடத்தை நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் புது முகவரி கிடைக்கும். பக்கம் திறந்தது, கடிதமும் வந்தது. பர்வானே அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அனுப்ப முடியவில்லை. ஈரானில் அன்று இணையத்தை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தார்கள். குறுஞ்செய்தி மட்டும் போனது.

"அது என்ன பெட்டி?" என்று கேட்டாள். டெட்லெஃப் குற்றவாளிபோலச் சொல்லி முடித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கெய்வான் இத்தனை நாளா என்கூடப் பேசினதே இந்த மாதிரி பெட்டிங்க வழியாத்தான். அதைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே!"

அவளுக்காகக் கத்திய எனக்கே திட்டு! எனக்குச் சுருக்கென்றது.

டெட்லெஃப் தொண்டையைக் கனைத்தான். "புது முகவரி இன்னும் எந்தப் பட்டியல்லயும் ஏறல, அதனால ஈரான்லயும் அதைத் தேடிப்பிடிச்சு அடைக்கிறது கஷ்டம். அப்படியே வெளியில சொல்லாத வாசலா மாத்திடலாம். வேணுங்கிறவங்களுக்கு மட்டும் ரகசியமா விலாசம் கொடுக்கலாம். இந்த விசாப் பக்கம் மாதிரி பக்கங்களும் நமக்குத் திறக்கும்."

"அப்போ முதல்லயே ஏன் அப்படிப் பண்ணல?"

"அந்தப் பேர் கிடைக்காதே" என்றான். காது வரை சிவந்துவிட்டது.

மதியத்துக்குள் மாற்றிவிட்டான். வாசலின் விலாசம் வாயில் நுழையாத நீளம். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, பர்வானே குறுஞ்செய்தியில் தட்டினாள். "இது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. அனுப்பினோம். பதில் இல்லை. அன்று முழுக்க இல்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது இருவரும் திரைமுன் உட்கார்ந்திருந்தார்கள். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கணக்கு அதில் தெரிந்தது. ஈரான்: 8.

"எட்டுப் பேரா?" என்றேன்.

"ஒருத்தர் வந்தாலும் எட்டுன்னுதான் காட்டும். தனி ஆளை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல."

"எனக்கு அந்த ஒருத்தர் போதும்" என்றாள் பர்வானே.

அவள் கைபேசி அடித்தது. கெய்வான்தான்! கடிதம் கிடைத்துவிட்டதாம், அச்சடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறானாம். வாசித்துக்கூடக் காட்டினான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பர்வானே கைபேசியைப் பொத்திக்கொண்டு தயங்கினாள். "அவரோட தம்பி வீட்டுக்கும் இந்த விலாசத்தைக் கொடுக்கலாமான்னு கேக்கறார்."

டெட்லெஃப் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறே? இன்னும் ஏழு பேர் வந்தாலும் எட்டுன்னுதானே காட்டும்? வரச் சொல்லு" என்றேன்.