சாக்ஸுக்குள் பேட்டரி

என் மாமியார் பெட்டி அடுக்குவதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. ஒரு ரேடியோ, ஒரு மைக், சுருட்டிய ஆண்டெனாக் கம்பி, ஒரு பேட்டரிப் பெட்டி, ஒரு டூல் பெட்டி, இவ்வளவுதான் சாமான். அதை வைப்பதும் திரும்ப எடுப்பதுமாகக் காலை முழுக்க ஓட்டிவிட்டார்.

"அத்தை, விமானம் நமக்காக நிக்காது."

"ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா படம் தெளிவா விழாதும்மா. ஏர்போர்ட் எக்ஸ்ரே மெஷின்ல பார்க்கிறவருக்கு ஒரு கறுப்புக் கட்டிதான் தெரியும். புரியலைன்னா சந்தேகப்படத்தானே செய்வாரு?"

அத்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கை ஒடிந்து அலறுகிறவரிடமும், ஒன்றுமில்லாமல் பயந்து வந்தவரிடமும் ஒரே குரலில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ரேடியோதான். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். முகம் தெரியாத ஆட்களோடு அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், "இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு" என்று போனில் அம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. "எதுன்னு காட்டு, முடுக்கிடலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும். சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அன்று அவர் கிளம்பியது தீவுக்கு. அங்கே வானிலை நிலையத்தில்தான் என் கணவருக்கு வேலை. புயல் அடித்து போன் கோபுரங்கள் சாய்ந்த பிறகு தீவிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நிவாரணக் குழுவின் முதல் சின்ன விமானத்தில் ஒரு ரேடியோக்காரர் வேண்டும் என்றார்கள். அத்தை உடனே தலையாட்டினார். மகன் அங்கே இருக்கிறான் என்று அவர்களிடம் வாய் திறக்கவே இல்லை.

நான் என் பங்குக்கு ஒரு கட்டு கம்பளிச் சாக்ஸ் வாங்கி அவர் பையில் திணித்தேன். தீவுக் காற்று என் கணவருக்கு ஆகாது, எந்நேரமும் ஜலதோஷம். அவர் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தத் தும்மலுக்காகவே நாங்கள் பல சண்டை போட்டிருக்கிறோம். ஆள் இருக்கிறாரா என்றே தெரியாதபோது சாக்ஸ் வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். வாங்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

விமான நிலையக் கவுண்டரில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. டூல் பெட்டியும் ஆண்டெனாவும் சரக்கில் ஏறிவிட்டன. ரேடியோவும் பேட்டரியும் கைப்பையில். அதிகாரி பேட்டரிப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனிம்மா?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது மழுப்பியிருப்பார்கள். அத்தையின் முகம் மலர்ந்தது. "நானே செஞ்சது!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில், அதிகாரியிடம், வயர் தொங்கும் ஒரு பெட்டியைக் காட்டி இப்படிப் பெருமை அடித்துக்கொள்ள ரேடியோக்காரர்களால் மட்டும்தான் முடியும். அதோடு நிற்கவும் இல்லை. எந்த இடத்தில் ஃப்யூஸ் வைத்தார், எதற்காக வைத்தார் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

"லேபிள் இல்லாத பேட்டரியை ஏத்த முடியாதும்மா. என்ன சக்தின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், அங்க மனுசங்க தவிச்சிட்டு இருக்காங்க. நீங்க லேபிள் கேக்குறீங்களே?"

"நீ சும்மா இரு" என்றார் அத்தை. "அவர் கேக்குறது சரி. வானத்துல தீப்பிடிச்சா இறங்கி ஓட முடியுமா?" பிறகு அவரிடம், "உள்ள இருக்கிற செல்லு ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேரும் சக்தியும் அச்சடிச்சிருக்கு. தனித்தனியாக் கொண்டு போகலாம் இல்லையா?"

அவர் யோசித்தார். "போகலாம். ஒண்ணோட ஒண்ணு முனை உரசக் கூடாது. எல்லாம் கைப்பையிலதான் இருக்கணும்."

அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்தார். ஒரு நாணயத்தால் திருகுகளைக் கழற்றினார். பல மாதம் கண்ணும் கருத்துமாகச் செய்த பெட்டி அது. நல்லவேளை, செல்களைப் பற்றவைக்காமல் ஸ்ப்ரிங்கில் சொருகித்தான் வைத்திருந்தார். முகம் கோணாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டார். சுற்றுவதற்கு டேப் வேண்டும். டேப் டூல் பெட்டியோடு சரக்கில் போய்விட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் சாக்ஸ் கட்டைப் பிரித்தேன்.

சாக்ஸுக்குள் ஒரு செல், மேலே ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு செல், இன்னொரு முடிச்சு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கட்டினோம். அதிகாரி குனிந்து ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தார். கடைசியில், "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்று பையை நகர்த்திவிட்டார்.

போகும்போது அத்தை சொன்னது இவ்வளவுதான். "சாயங்காலம் ஆறு மணிக்கு என் ரூம் ரேடியோவைப் போடு. குமிழைத் திருப்பாதே. கேளு. பேசுற சுவிட்சைத் தொடாதே, உனக்கு லைசென்ஸ் இல்லை."

நாள் முழுக்கப் போனில் புகார் கேட்டுப் பதில் சொல்லிப் பிழைக்கிறவள் நான். என்னிடம் போய்ப் பேசாதே என்றால்?

ஆறு மணிக்கு வெறும் இரைச்சல். குமிழைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. லைசென்ஸோடு கொடுத்த தன் அழைப்புக்குறியைச் சொன்னார், தீவில் கரண்ட் இல்லை, பேட்டரி அளவாகத்தான் இருக்கிறது, செய்திகளைச் சுருக்கமாக வாசிக்கிறேன் என்றார். ஊர் ஊராக உட்கார்ந்திருந்த ரேடியோக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். பள்ளி வாத்தியார் நலம், அவர் அண்ணனுக்குச் சொல்லவும். படகுக்காரர் நலம், கால் எலும்பு முறிவு, மனைவிக்குச் சொல்லவும். யார் யாரோ, யார் யாருக்கோ. வரிசையில் நின்றவர்களை நின்ற முறைப்படியே வாசித்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. உங்க பிள்ளையை முதல்ல சொல்லுங்களேன் அத்தை! அந்தக் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எலும்பு ஒடிந்ததையும் ஒடியாததையும் ஒரே மாதிரி சொல்லும் குரல். மகன் இருந்தாலும் இப்படித்தான் வாசிப்பார், இல்லாவிட்டாலும் இப்படித்தான் வாசிப்பார். அது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை தன்னால் சுவிட்சை நோக்கிப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

குரல் மங்கத் தொடங்கியது. பேட்டரி இறங்குகிறது என்று எனக்கே புரிந்தது.

"வரிசை முடிஞ்சது" என்றார் அத்தை. "கடைசியா ஒரு செய்தி. வானிலை நிலைய ஊழியர். காயம் இல்லை. இவ்வளவு நேரமா ஆண்டெனாக் கம்பத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறார். பெறுநர், என் மருமக."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாதுன்னு உன்கிட்ட நான்தான் சட்டம் சொல்லிட்டு வந்தேன். அதனால அவன் பேச மாட்டான். ஆனா தும்முறது பேச்சுல சேராதுன்னு நினைக்கிறேன்." அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் குரல் உடைந்தது. "ஏதோ ஒரு சாக்ஸை மூக்குல வச்சித் தேய்ச்சிட்டு இருக்கான்."

அடுத்து வந்த தும்மலில் ரேடியோவின் ஸ்பீக்கர் அதிர்ந்தது, அதன்பின் இரைச்சல் மட்டும்தான்.

"நூறு வயசு!" என்றேன், அடிவயிற்றிலிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சுவிட்சைத் தொடவில்லை.