ஆசிக்குக் காத்திருந்த விருந்தாளி

காலையில் மகளின் அழைப்பு வந்தபோது பெய் வென்யுவான் அயல்நாட்டில், நாரின் என்ற மலைப் பள்ளத்தாக்கில், மேய்ச்சல்காரர்களின் மூத்தவர் தொக்தோபெக்கின் கூடார வாசலில் நின்றிருந்தார்.

"அப்பா, அம்மா உங்களைத்தான் தேடுறாங்க. இன்னிக்கு ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சாயங்கால ஃப்ளைட்டைப் பிடிச்சு உரும்ச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பிடறேம்மா."

கணவாய்ச் சாலையைத் திறக்க மேய்ச்சல்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்காகத்தான் சொந்த நாட்டுத் தூதரகம் அவரை இந்த விருந்துக்கு அனுப்பியிருந்தது. தம் பணிக்காலம் முழுவதையும் இந்த மலைநாடுகளிலேயே கழித்தவர் அவர். மூத்தவர் கையேந்தி ஆசி கூறும் முன் பந்தியிலிருந்து எழுவது அவமதிப்பு என்பதை அறிவார். அவசரமாக எழுந்துபோன ஒரு சக அதிகாரியால் ஒரு பேச்சுவார்த்தையே முறிந்ததைக் கண்ணால் கண்டவர். சொந்தத் துயரைப் பேச்சுவார்த்தைக்கு நடுவே கொண்டுவரலாகாது என்பதும் அவர் தொழில் கற்பித்த பாடம்.

முதல் விருந்தாளி காதை அறுத்துப் பந்தியைத் தொடங்கிவைக்க, வெந்த ஆட்டுத்தலை அவர் முன் வைக்கப்பட்டது.

"என்ன தம்பி, ஒரு காதை அறுக்க இவ்வளவு யோசனையா? உங்க ஊர்ல முடிவெடுக்கிறதுக்குள்ள ஆடே கிழடாயிடும் போலிருக்கே" என்றார் தொக்தோபெக்.

பந்தி சிரித்தது. பெய்யும் சிரித்தார்.

சூப்பும் குதிரைப்பாலும் வந்தன. பிறகு ஒரு கதையும் வந்தது. ஆற்றில் இறங்கிய நாரை ஒன்று ஒற்றைக் காலால் ஆழத்தை அளந்துகொண்டே நின்றதாம். அளந்து முடிப்பதற்குள் ஆறு உறைந்துபோயிற்றாம். மீண்டும் எல்லாரும் சிரித்தார்கள். கூடாரத்தின் உச்சித் திறப்பில் வெயில் சாய்ந்தது.

ஒருவழியாகத் தொக்தோபெக் கைகளை ஏந்தினார். சாலைக்கும் சேர்த்தே ஆசி கூறினார்; அதுவே சம்மதம். அந்த நேரத்தில் கைபேசியில் செய்தி வந்தது. பெய் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் தம்பி முகம் இப்படிச் சுண்டிப்போச்சு?"

"என் வீட்டுக்காரி போயிட்டா, அண்ணா. காலையிலேயே மோசம்னு சொன்னாங்க."

"காலையிலேயே தெரியுமா? தெரிஞ்சுமா உக்காந்திருந்தே?"

"ஆசிக்கு முன்னாடி எழுந்தா உங்களுக்கு மரியாதைக் குறைவுன்னு..."

கிழவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, வீட்டுல உயிர் ஊசலாடுறவனுக்கு முதல் கவளத்துலயே ஆசி சொல்லிக் குதிரை ஏத்தி விடறதும் எங்க வழக்கந்தாண்டா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த வழக்கம் பெய்க்குத் தெரிந்திருக்கவில்லை. யாரிடமும் கேட்க நேர்ந்ததுமில்லை.

முதியவர்கள் வரிசையாக வந்தார்கள். முகமறியாத அந்தப் பெண்ணுக்காக வாய்விட்டு அழுது, அவரைத் தழுவிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் முறைப்படி சொல்லவேண்டிய மறுமொழியை அவர்களுடைய மொழியிலேயே பெய் பிழையின்றிச் சொன்னார்.

கைபேசி மறுபடி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மகள் மறுமுனையில் அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லத் தாய்மொழியில் ஒரு சொல்கூட அவருக்கு எழவில்லை.