கடைமடைக்கு வரும் படை

உலகத்தில் எந்தப் படை எந்த ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று சரியாகச் சொல்லக்கூடியவன் கீழ்வேளூர் விவசாயி ஒருவன்தான். இதைச் சொன்னவன் கீழ்வேளூர் விவசாயி செழியன். சிரிக்காமல் சொன்னான். மூஸா பாய் டீக்கடையில் இருந்தவர்களும் சிரிக்கவில்லை. வாயில் சூடான வடை.

"மேட்டூர்ல தொறந்த தண்ணிக்கு வருஷா வருஷம் கடைமடையில காத்துக் கெடக்கிறவன் பாய் நான். மொதல்ல சேதி வரும். அப்புறம் பேப்பர்ல போட்டோ வரும், மந்திரி பூத் தூவுற மாதிரி. தண்ணி மட்டும் வராது. நடுவுல எத்தன மதகு, எத்தன தலைமடைக்காரன்! படையும் அப்படித்தான். ஊருக்கு ஊரு நின்னு, தின்னு, தூங்கித்தான் வரும்."

"எந்த ஊருப் படைங்க?" என்றார் பாய்.

"எத்தியோப்பியா."

பாய் இன்னொரு டீ ஆற்றப் போய்விட்டார்.

அது இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஐப்பசி. செழியனின் தங்கை வானதி பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் மதிவாணன் எத்தியோப்பியாவில் டெஸ்ஸி என்ற ஊரில் காலேஜ் வாத்தியார். வடக்கே திக்ரேயிலிருந்து கிளம்பிய கிளர்ச்சிப் படை தெற்கே தலைநகரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. டெஸ்ஸி வழியில் இருந்தது.

"கெளம்பிடட்டுமா மச்சான்?" என்று மதிவாணன் போனில் கேட்டபோது, செழியன் வரப்பில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான். "அவசரப்படாதீங்க மாப்ள. தீபாவளி வரைக்கும் வராது. பசங்களுக்குப் பரீட்சைய முடிச்சுக் குடுத்துட்டு நிதானமா வாங்க."

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையே படை டெஸ்ஸிக்குள் நுழைந்துவிட்டது.

நுழைந்துவிட்டோம் என்று படை சொன்னது. நுழையவே இல்லை என்று அரசாங்கம் சொன்னது. ஒரு சேனலில் ஊர் இவர்கள் கையில், அடுத்த சேனலில் அவர்கள் கையில். செழியன் செல்போனில் வரைபடத்தை விரல் வலிக்கப் பெரிதாக்கிப் பார்த்தான். ரோடு இருந்தது. ஒரு ஓட்டலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். படையைக் காணோம். மாப்பிள்ளையையும் காணோம். அவர் நம்பர் போகவில்லை.

தலைநகரில் இருந்த மாப்பிள்ளையின் சிநேகிதர், ஜெரால்ட் என்ற வாத்தியார், கூப்பிட்டார். "மதி வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிட்டாரு, கவலப்படாதீங்க." வீட்டில் பாயசம் வைத்தார்கள். பாயசம் இறங்குவதற்குள் மறுபடி கூப்பிட்டார். "சாரிங்க, பஸ்ல வந்தது ஆந்திராக்காரராம்."

வானதி புருஷனின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் அந்த ஊர் பாஷையில் ஏதோ பேசியது. வானதி முழுக்கக் கேட்டு, "சரிங்க" என்று சொல்லித்தான் வைத்தாள்.

"யாருகிட்ட சரிங்கற?" என்றான் செழியன்.

"அந்தப் பொண்ணுகிட்ட."

"அது மெஷினு! அதுக்கு மரியாதை வேறயா? ஒரு வாய் காபி குடுத்து அனுப்பேன்."

"அவரு இருக்கிற ஊர்லேருந்து வேற யாருண்ணே எங்கிட்ட பேசுறா?"

நீ சொல்லித்தான் அவர் அங்கே நின்றார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், படை ஏன் மெதுவாகத்தான் வரவேண்டும் என்பதற்கு மலை, பாலம், டீசல் என்று செழியனிடம் பதில் தயாராக இருந்தது. சொல்லாததால் அது நெஞ்சிலேயே நின்றுகொண்டது.

அந்த வாரம் மழை பிடித்தது. அந்தத் தண்ணீர் மதகு பார்க்கவில்லை, முறை கேட்கவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வயலுக்குள் நுழைந்தது. சம்பாப் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. வடிகாலை வெட்டிவிட மண்வெட்டியோடு போனவனைக் கடைவாசலில் மூஸா பாய் நிறுத்தினார்.

"தம்பி, படை இப்ப எங்க நிக்குது?"

"தெரியல பாய்."

பாய் குடையை நீட்டினார். செழியன் வாங்காமல் நடந்தான்.

மோட்டார் கொட்டகைக்குள் ஒதுங்கி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, மாப்பிள்ளை நம்பரை அழுத்தினான். அந்தப் பெண் பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. அவசரமில்லாத குரல். பின்னால் வெடிச் சத்தம் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கேட்கவில்லை. பேசி முடித்தாள்.

செழியன் வெளியே எட்டிப் பார்த்தான். வரப்பில் யாருமில்லை, நாலு கொக்கு மட்டும்.

"சரிங்க" என்றான், கொக்குக்குக்கூடக் கேட்காத குரலில். மறுபடி அழுத்தினான்.