தூளிக்கு மேலே ஒரு கேமரா

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இனி பயமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியபோது பிளாஸ்க், துணிப்பை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துவந்த அறிவரசன், பயத்தையும் மறக்காமல் எடுத்துவந்துவிட்டான்.

வீடு ஆண்டிமடத்தில், வேலை அரியலூரில். குழந்தை மூச்சு விடுகிறதா என்று அங்கிருந்து எப்படிப் பார்ப்பது? ஆபீஸ் நண்பன் சாம், தன் அக்கா வீட்டில் சும்மா கிடந்த கேமரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலே மாட்டினால் மூச்சை எண்ணி செல்போனில் காட்டுமாம். சீராக இருந்தால் பச்சை வட்டம், நின்றால் சிவப்பு.

"ஒரு வாரம் வச்சுப் பாருடா. புடிச்சா எடுத்துக்க, இல்லன்னா குடுத்துடு."

புள்ளையப் பாக்க நான் பத்தாதா என்று மனைவி அம்பிகா கேட்டாள். அறிவரசன் ஸ்டூலைப் போட்டு ஏறி, தூளி தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டினான்.

வாரம் முழுக்கப் பச்சை. அவன் பல நாள் கழித்துச் சோற்றை மென்று சாப்பிட்டான். சனிக்கிழமை மதியம் ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போதும் பச்சை. 'நல்ல தூக்கம்' என்று எழுத்து வேறு. வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தான். சாயந்தரம் சாம் கூப்பிட்டால் சொல்லிவிடலாம்.

வீடு பூட்டியிருந்தது.

அம்பிகாவைக் கூப்பிட்டான். அவளுடைய போன் வீட்டுக்குள்ளே அடித்தது. கையிலிருந்த வட்டமோ, குழந்தை உள்ளே தூங்குகிறது என்றது. பச்சைக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போனாள்? இவனிடம் இருந்த சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. தலைகீழாகப் பிடித்திருந்தான்; திருப்பிச் செருகித் திறந்தான்.

உள்ளே ஃபேன் ஓடியது. தூளி மெல்ல ஆடியது. சேலைக்குள் உருண்டையாக ஒரு கனம். மூச்சு சீர், நல்ல தூக்கம். அவன் மெதுவாகக் கையை உள்ளே விட்டுத் தலையைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது. கெட்டியாக, அசையாமல்.

கத்த வாயைத் திறந்தான். போன் மட்டும் பச்சையாகவே இருந்தது.

"சாப்டீங்களா?" என்று வாசலில் அம்பிகா கேட்டாள். தோளில் மகள்.

அங்கன்வாடியில் எடை போடக் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் தூளி ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பதால், அவர்கள் வீட்டு வழக்கப்படி அம்மிக் குழவியை உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஃபேன் காற்றில் சேலை ஏறி இறங்கியதைத்தான் கேமரா எண்ணியிருக்கிறது.

அம்பிகா போனை வாங்கிப் பார்த்தாள்.

"கல்லு நல்லா தூங்குதுங்க. வாரம் பூரா இது எண்ணுனது யாரு மூச்ச?"

அவன் அதை யோசிக்க விரும்பவில்லை; யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. குழவியை எடுத்துவிட்டு அவள் மகளைத் தூளியில் போட்டாள். அவன் ஃபேனை நிறுத்தினான், கேமராவைக் கழற்றினான், தூளி ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தான்.

போன் அடித்தது. அம்பிகா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடா, எடுத்துக்கிறியா?" என்றான் சாம்.

"திங்கக்கிழமை கொண்டாந்துடுவாருண்ணா" என்றாள் அவள்.

ஏன், சரியா வேலை செய்யலையா என்று சாம் கேட்டான். அறிவரசனின் விரலில் ஒரு மூச்சின் சூடு பட்டுப் போயிருந்தது. அடுத்ததுக்காகக் காத்திருந்தான்.